பூஜையில் வைத்த ஆறு டிஸ்க்குகள்

காலை ஒன்பது நாற்பதுக்கு நான் கூடத்து மின்விசிறியைப் போட்டேன். நேரம் துல்லியமாக நினைவிருக்கிறது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சுவிட்சைத் தட்டினேன்.

அன்று வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. கணவரும் மகளும் பூவும் பூசணிக்காயும் வாங்க ஸ்கூட்டரில் போயிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தசரா விடுமுறை. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் காலையிலேயே வண்டிகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் படிக்கட்டுவரை ஓடி வந்திருந்தது. நான் கூடத்தில் மனைப்பலகை போட்டு, மேலே சிவப்புத் துணி விரித்து, பூஜைக்கு வைக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கணவரின் ஸ்பானர் செட், அரிவாள்மனை, என் சிவப்பு மை பேனா, கத்தரிக்கோல், மகளின் கேமரா, லேப்டாப். கடைசியாக அவளுடைய ஹார்டு டிஸ்க்குகள்.

என் மகள் கல்யாண வீடியோ எடுக்கிறாள், எடிட்டும் செய்கிறாள். மென்பொருள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தாள். மூன்று வருஷமாக உறவினர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர் வேலைதான், வீட்லேந்தே பண்றா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பால்கனியை அடைத்துச் செய்த சின்ன அறையில் அவள் உட்கார்ந்திருப்பாள். மேசைமேல், என் சமையலறையிலிருந்து எடுத்துக்கொண்டு போன ஸ்டீல் தட்டு ஸ்டாண்டு. தட்டுகள் நிற்க வேண்டிய இடத்தில் ஆறு டிஸ்க்குகள் நிற்கும். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, உள்ளங்கை அளவு; ஒன்றுக்கு மட்டும் மூலை உடைந்திருக்கும்.

ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வட்ட ஸ்டிக்கர் இருக்கும். பச்சை அல்லது சிவப்பு. முதலில் உள்ளே இருப்பதை எழுதித்தான் ஒட்டினாளாம். மாதத்துக்கு நாலு தடவை கிழித்து எழுத வேண்டியிருந்ததால் நிறத்துக்கு மாறிவிட்டாள். ஒருநாள் எனக்கு விளக்கினாள்.

"பச்சைன்னா வேற ஒரு எடத்துலயும் காப்பி இருக்குன்னு அர்த்தம். எடம் வேணும்னா அழிச்சிடலாம். சிவப்புன்னா அது ஒண்ணுதான். ஒலகத்துலயே அது ஒண்ணுதான்."

"அப்ப சிவப்பு ஏன் வெச்சுக்கறே? உடனே இன்னொரு காப்பி போட்டுட வேண்டியதுதானே?"

"போட்டுடுவேன்மா. ஒரு நாள், ரெண்டு நாள்தான் சிவப்பா இருக்கும். அதுவரைக்கும் கேமரா கார்டையும் அழிக்க மாட்டேன்."

நான் இருபத்தாறு வருஷமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வகத்தில் லேபிள் இல்லாத பாட்டிலை எடுக்கும் பிள்ளைகளை வெளியே நிற்க வைப்பவள். அவளுடைய ஏற்பாட்டைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெண் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லவில்லை; "தூசு தட்டி வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

போன வருஷங்களில் பூஜைக்கு லேப்டாப்பை மட்டும் வைப்போம். இந்த வருஷம் எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் வேலையை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்ல வராதவர்கள் இப்படித்தான் ஏதாவது செய்வார்கள். அவள் கடைக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

"டிஸ்க்கெல்லாம்கூட வெச்சுடலாமா?"

அவள் முகம் மலர்ந்தது. "வைக்கலாம்மா. ஆனா நான் வந்து எடுத்துத் தரேன், இரு."

நான் இருக்கவில்லை. ராகுகாலம் வந்துவிடும் என்று பயம். எனக்கு எப்போதும் ஏதாவது வந்துவிடும் என்று பயம்தான்.

ஈரத்துணியால் முதல் டிஸ்க்கைத் துடைத்ததுமே ஸ்டிக்கர் விரலோடு வந்துவிட்டது. இரண்டாவதன் ஓரம் கிளம்பி, பசையில் தூசு கறுப்பாக அப்பியிருந்தது. அம்மன் முன்னால் இப்படியா வைப்பது என்று தோன்றி ஆறையும் உரித்தேன். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பசை போய்விடும். தினத்தாளை விரித்து டிஸ்க்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் ஸ்டிக்கரை வைத்தேன். ஆய்வகத்தில் சொல்லிக்கொடுக்கும் அதே ஒழுங்கு. எண்ணெயைத் துடைத்தபின் கொஞ்சம் ஈரம் இருந்ததுபோல் பட்டது. காயட்டும் என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு, அடுப்பில் சுண்டல் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததால் உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது தினத்தாளின் ஒரு பக்கம் மடிந்து எழும்பி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டிக்கர்களைக் காணோம். இரண்டு சோபாவுக்கடியில் கிடந்தன, ஒன்று அரிவாள்மனைமேல் ஒட்டியிருந்தது, மற்றவை கதவோரம். இரண்டு சிவப்பு, நாலு பச்சை. எல்லாம் கிடைத்துவிட்டன. எது எதனுடையது என்பதுதான் போய்விட்டது.

மூலை உடைந்த டிஸ்க் சிவப்பு. அதில் சந்தேகமில்லை. இன்னொரு சிவப்பு வரிசையில் இரண்டாவதா, மூன்றாவதா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது என்று கைக்குத் தோன்றியது. ஒட்டினேன். படிக்கட்டில் அவர்கள் பேச்சுக் குரல் கேட்டது. அவசரமாக ஆறுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன்.

மகள் உள்ளே வந்து பலகையைப் பார்த்தாள். "ஐயோ, எவ்ளோ அழகா வெச்சிருக்கே!" என்று தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பூஜை முடிந்து கணவர் வாசலில் பூசணிக்காயை உடைத்தார். பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு மகள் மெதுவாகப் பலகையிலிருந்து மூலை உடையாத சிவப்பு டிஸ்க்கை எடுத்தாள்.

"என்னடி பண்றே?"

"ஒரே ஒரு காப்பி போட்டுட்டு வெச்சுடறேன்மா. புதன்கிழமை எடுத்த சர்ச் கல்யாணம். கார்டு வேற நாளைக்கு வேணும்."

"இன்னிக்கு எதையும் எடுக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமிக்கு எடுத்து நல்லபடியா ஆரம்பி. சரஸ்வதி முன்னாடி வெச்சத அதுக்குள்ள எடுப்பாங்களா யாராவது?"

"ஒரு மணி நேர வேலம்மா."

"ஒரு நாள் பொறுத்துக்க மாட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டிஸ்க்கை மறுபடி பலகையில் வைத்துவிட்டாள். அவள் அப்பா, "உங்கம்மா கெமிஸ்ட்ரி டீச்சரா, இல்ல கோயில் குருக்களா?" என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். அவள் வைத்தது தப்பான டிஸ்க்காகவும் இருக்கலாம் என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவளுக்குக் கம்மனஹள்ளியில் ஒரு குழந்தைக்கு எழுத்துத் தொடங்கும் விழா. கார்டில் இடம் வேண்டும், காப்பி போட நேரமில்லை. சிவப்பு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறதே என்ற நம்பிக்கையில், முதல் தடவையாகத் தன் விதியை மீறிக் கார்டுகளைத் துடைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும், எடுத்த புதுப் படங்களை ஏற்ற ஒரு பச்சை டிஸ்க்கை எடுத்து, உள்ளே இருந்ததை அழித்து, அதில் ஏற்றினாள். அது வரிசையில் மூன்றாவதாக இருந்த டிஸ்க். என் கை பச்சை ஒட்டிய டிஸ்க்.

அதில் இருந்த சர்ச் கல்யாணத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெண் எங்கள் பகுதிதான், இரண்டு தெரு தள்ளி ஒரு கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் அவளுடைய அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது அவர்தான் கூடாது என்றாராம். "வீடியோ வருமில்ல, வீட்டுக்கு வந்து பாத்துக்கறேன்" என்றாராம். அவருக்குப் பதிலாகத் தாய்மாமன்தான் பெண்ணைக் கைபிடித்துச் சர்ச்சுக்குள் அழைத்துப் போனார். ஆராதனை நடக்கும்போது யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது என்று ஆயர் கண்டிப்பாக அறிவித்திருந்தார். படம் எடுக்க அனுமதி இருந்தது என் மகள் ஒருத்திக்குத்தான்.

அடுத்த புதன்கிழமை காலைதான் அவள் அதற்குக் காப்பி போட்டு எடிட் செய்ய உட்கார்ந்தாள். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தட்டு ஸ்டாண்டிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுக்கும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று, வேகமாக. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்; ஆறையும் எடுத்துவிட்டாள். என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கீரைக்கட்டு கையிலேயே இருந்தது.

அவள் வந்து வாசற்படியில் நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அம்மா, என் டிஸ்க்க யாராவது எதாவது பண்ணீங்களா?"

"பூஜைக்குத் தொடச்சு வெச்சேன். அவ்ளோதான்."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்ப நான்தான். நான்தான் ஸ்டிக்கர மாத்தி ஒட்டியிருக்கேன். எப்டிம்மா ஒட்டுவேன்? சர்ச் முழுக்கப் போச்சு."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முதுகைத் தடவினேன். "யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். இதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நான் செய்ததாக நினைவில்லை.

அழிந்ததை மீட்டுத் தரும் இடம் ஒன்றுக்கு அவளோடு நானும் போனேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த ஒரு வாரமும் அவள் மேசையை எத்தனை தடவை துடைத்தாள், புது ஸ்டிக்கர்களில் நிறத்தோடு பெயரும் எழுதி, மேலே செல்லோ டேப் போட்டு எப்படி ஒட்டினாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னைத் தண்டிப்பதுபோல் ஒட்டினாள். கணவரிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவர் என்னைத் திட்டமாட்டார், அதுதான் தாங்காது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். வரவேற்பு முழுக்கக் கிடைத்திருந்தது. கேக் வெட்டுவது, மாமன்மார்கள் பிரியாணி சாப்பிடுவது, குழந்தைகள் மேடையில் குதிப்பது. சர்ச் இல்லை. முதலில் ஏற்றியது சர்ச்சாம். புதிதாக ஏற்றிய படம் அதன்மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது என்றார். வேறு வழியே இல்லையா என்று நான் கேட்டேன்.

"ஆகல்ல மேடம்" என்று கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்தார்.

வெளியே வந்து, ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, அவள் மணப்பெண்ணுக்குப் போன் செய்தாள். பக்கத்தில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"என் தப்புதான் அக்கா. இல்லக்கா, மிஷின் ரிப்பேர் எல்லாம் இல்ல. நான்தான் அழிச்சுட்டேன். கவனமில்லாம அழிச்சுட்டேன்."

மிஷின்மேல் பழி போட்டிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை. என்னுடைய தப்பை முழுதாக வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டாள். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஈரத்துணி, எண்ணெய், தினத்தாள், மின்விசிறி, சோபாவுக்கடியில் கிடந்தது, இரண்டாவதா மூன்றாவதா என்று கைபோன போக்கில் ஒட்டியது, எல்லாம். அவள் குறுக்கிடவில்லை. முடித்தபின் ஒரே கேள்வி கேட்டாள்.

"எத்தன மணிக்கு?"

"ஒம்போது நாப்பது."

"நாங்க எத்தன மணிக்கு வந்தோம்?"

"பத்து."

"இருபது நிமிஷம். வந்து பத்து நிமிஷத்துல ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்துச் சரியா ஒட்டியிருப்பேன்மா. பூஜையும் முடிஞ்சிருக்கும், உன் ராகுகாலமும் வந்திருக்காது."

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

"லேப்ல லேபிள் கழண்டு போன பாட்டில என்ன பண்ணச் சொல்லுவே?"

"தெரியலேன்னு எழுதி ஒட்டச் சொல்லுவேன்."

"ஒட்டியிருக்கலாமில்ல?"

கதவருகில் நின்றபடியே சொன்னாள். "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ தொறந்து பாத்திருக்கணும். அது என் தப்பு. கார்டத் தொடச்சது என் தப்பு. மத்தது உன்னுது." பிறகு தன் அறைக்குள் போனாள். மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். அந்தப் பங்கீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் பங்கு கொஞ்சம் அதிகம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் நானே மணப்பெண் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவள்தான். உள்ளே அவள் அப்பா மருத்துவமனையிலிருந்து வந்து படுத்திருந்தார். உள்ளே வரச் சொன்னாள். நான் படியிலேயே நின்று சொன்னேன். மகள் போனில் சொன்னது சரியில்லை, மின்விசிறியில் ஸ்டிக்கர்கள் பறந்து நான் மாற்றி ஒட்டியதால்தான் அழிந்தது என்றேன். என்னை எல்லோரையும்போல அவளும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்பா வந்த அன்னிக்கே டிவி முன்னாடி சேர் போடச் சொன்னாரு டீச்சர்" என்றாள். "என்னைக்கு வரும், என்னைக்கு வரும்னு கேட்டுட்டே இருக்காரு. இன்னும் அவருகிட்ட சொல்லல."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

அவள் கதவைச் சாத்தினாள். கோபமாகச் சாத்தவில்லை, மெதுவாகச் சாத்தினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. மகள் மிஞ்சியதை எடிட் செய்து முடித்தாள். சர்ச் வர வேண்டிய இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் கறுப்பாகவே விட்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஆய்வகத்தில் ஒரு பையன் அமிலப் பாட்டிலில் லேபிள் கிழிந்திருக்கிறது என்று கொண்டுவந்து காட்டினான். அவனிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, கீழே கார் வந்து நின்றது. மணப்பெண் ஓட்டி வந்திருந்தாள். மறுபக்கக் கதவு திறந்து, மார்போடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்தபடி ஒரு மெலிந்த மனிதர் மெல்ல இறங்கினார். இருமல் வந்தால் தையல் வலிக்காமல் இருக்க அப்படிப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்களாம். அவர் மாடிப்படி ஏறக் கூடாது என்பதால் நாங்கள் கீழே ஓடினோம். கணவர் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். பக்கத்தில் எங்கள் ஸ்கூட்டர், அதன் முகப்பில் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் போகாமல் இருந்தது.

"சார், நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் தலையணையிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து என்னை நிறுத்தினார்.

"பொண்ணு சொல்லிச்சு டீச்சர். மூணு நாள் உங்க ரெண்டு பேரையும் மனசுக்குள்ள நல்லாத் திட்டுனேன். டாக்டர் சத்தம் போடக் கூடாதுன்னுட்டாரு, அதான் வெளில வரல." மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு என் மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ அன்னிக்கு எங்க நின்ன?"

"ஆல்டர் மேடை பக்கத்துல அங்கிள். எடது பக்கம்."

"அப்ப என் பொண்ணு உள்ள வரும்போது மொகம் உனக்கு நேரா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது அங்கிள்."

"என் சம்சாரத்தக் கேட்டா, அழுதுட்டே இருந்தேன், ஒண்ணும் பாக்கலங்கறா. கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போன மச்சானக் கேட்டா, தரைய பாத்துட்டே நடந்தேன்றான். பொண்ணுக்குத் தன் மொகம் எப்டித் தெரியும்? பாத்தது நீ ஒருத்திதான்." தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஒக்காரு. நீங்களும் ஒக்காருங்க டீச்சர். இங்க ஃபேன் இல்லல்ல? நல்லது." பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவு தொறந்ததுலேந்து சொல்லு பாப்பா. மெதுவா சொல்லு. எனக்கு அவசரமில்ல."